இரவல் போய் வந்தவன்

ஜூன் மாதத்து முதல் மழை பெய்து ஓய்ந்த ஒரு காலையில், ஹைதராபாத் உப்பலில் எங்கள் கிளப் பயிற்சி எடுத்த மைதானத்தின் மூலையிலிருந்து நான் ஒரு கார்னர் பந்தை உயர்த்தி அடித்தேன். வளைவோ வேகமோ இல்லாத சாதாரணப் பந்து. பள்ளிக்கூடத்துக் கோல்கீப்பர்கூட இரண்டு எட்டு முன்னால் வந்து தாவிப் பிடித்துவிடுவான். கோலில் இருந்த என் நண்பன் நகரவில்லை. இரண்டு கம்பங்களுக்கு நடுவே, வெள்ளைக் கோட்டின் மேலேயே நின்றான். பந்து புல்லில் விழுந்து, ஈரத்தில் வழுக்கி, அவன் காலருகே போய் நின்றது. அதை எடுத்து என் பக்கம் உருட்டிவிட்டு, "இன்னொண்ணு அடி மச்சான்" என்றான். அடுத்த பந்துக்கும் நகரவில்லை. ஒரு சீசன் முழுக்க வேறு ஊரில் இருந்துவிட்டு அவன் எங்களிடம் திரும்பி வந்த முதல் நாள் அது.

நாங்கள் இருவரும் கோல்கீப்பர்கள், ஒரே வயது. அவன் வடசென்னைக்காரன், கிளப் ஹாஸ்டலில் தங்கியிருந்தான். நான் லோத்குண்டாவில் பிறந்து வளர்ந்தவன். தாத்தா காலத்திலேயே நெல்லைப் பக்கத்து நாசரேத்தை விட்டு இங்கே வந்துவிட்ட குடும்பம் எங்களுடையது. வீட்டுக்குள் நெல்லைத் தமிழ், படி இறங்கினால் தெலுங்கும் தக்கனி உருதும். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து நாங்கள் வருவதற்குள் அவன் எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவான். அம்மா அவனுக்கென்று தனியாக மீன் பொரித்து வைப்பாள். "ஏலே, ஹாஸ்டல்காரன் சோறு போடுதானா இல்லியா? நக்கோ நக்கோன்னு வேண்டாங்காம சாப்பிடுல" என்று அவன் தட்டில் இன்னொரு கரண்டி சோறு வைப்பாள்.

பயிற்சியின்போது மற்ற ஆட்டக்காரர்கள் மைதானம் முழுக்க ஓடிக்கொண்டிருக்க, கோல்கீப்பர்கள் மட்டும் ஒதுங்கி ஒரு கோலில் நிற்பார்கள். ஒருவன் அடிக்க வேண்டும், ஒருவன் பிடிக்க வேண்டும். அந்த வருடங்களில் என் தாய் தகப்பன் முகத்தைவிட அவன் முகத்தைத்தான் அதிக நேரம் பார்த்திருப்பேன். ஆனால் ஆட்டத்தன்று ஒருவனுக்குத்தான் இடம். முன்வரிசைக்காரனை இடது பக்கம் ஆடவைக்கலாம், வலது பக்கம் மாற்றலாம். கோல்கீப்பரை எங்கேயும் மாற்ற முடியாது. மற்றவன் தொண்ணூறு நிமிடமும் பெஞ்சில் உட்கார்ந்து, தன் நண்பன் தவறு செய்யக் கூடாது என்று வேண்டிக்கொள்ள வேண்டும். வேண்டிக்கொள்வதாக நினைத்துக்கொள்ளவாவது வேண்டும். உண்மையைச் சொன்னால், அவன் என்னைவிடப் பல படிகள் மேலே. உயரப் பந்துக்கு அவன் வெளியே வரும் விதத்தைப் பார்க்கவே ஆட்கள் கோலுக்குப் பின்னால் வந்து நிற்பார்கள்.

அந்த வருடம் நிர்வாகம் அனுபவம் மிக்க ஒரு கோல்கீப்பரை வெளியிலிருந்து கொண்டுவந்தது. உள்ளூர்க்காரனான என்னை இரண்டாவது ஆளாக வைத்துக்கொண்டு, இவனுக்கு ஆட்டம் வேண்டுமே என்று கிழக்கே ஒரு கிளப்புக்கு லோனில் அனுப்பினார்கள். பாத்திரத்தை இரவல் கொடுப்பதுபோல ஒரு சீசனுக்கு ஆளையே கொடுப்பதுதான் லோன். போன இடத்தில் பாதி சீசன் பெஞ்சில் உட்கார வைத்தார்கள். போனில் பேசும்போதெல்லாம், "இங்க யாரும் பேரச் சொல்லிக் கூப்புடறதில்ல மச்சான், லோன்காரன்னுதான் சொல்றாங்க" என்பான். பிறகு ஐந்து ஆட்டங்கள் கிடைத்தன. ஐந்தாவது ஆட்டத்தில் அது நடந்தது. அதற்குப் பிறகு அவன் போன் செய்வதை நிறுத்திவிட்டான்.

என்ன நடந்தது என்பதைத் திரும்பி வந்த வாரத்தில், உப்பலிலிருந்து செகந்திராபாத் போகும் பஸ்ஸில் வைத்துச் சொன்னான். எதிரணி அடித்த உயரப் பந்து ஒன்று. அவனுடைய அணியின் பின்வரிசைக்காரன் அதைத் தலையால் தட்டப் பின்பக்கமாக ஓடி வந்தான். இவனும் அதைப் பிடிக்க வெளியே பாய்ந்தான். இருவரும் மோதினார்கள். இவன் முழு உடம்பும் அவன் கால்மேல் விழுந்தது. "ஸ்டேடியமே கத்துது. எனக்கு அந்த எலும்பு சத்தம் மட்டும்தான் கேட்டுச்சு" என்றான். அந்தப் பின்வரிசைக்காரன் பிறகு ஆடவேயில்லை. மிச்ச சீசன் முழுக்க வார்ம்-அப்புக்கு இவன் மைதானத்தில் இறங்கினாலே உள்ளூர் ரசிகர்கள் ஊளையிட்டிருக்கிறார்கள். "பந்து மேல வந்தா கால் எழும்ப மாட்டேங்குது மச்சான். கோச் கிட்ட சொல்லிடாத" என்றான். சொல்லமாட்டேன் என்றேன்.

அந்த அனுபவசாலி கோல்கீப்பர் அதற்குள் எங்கள் கிளப்பை விட்டுப் போயிருந்தார். இருந்த ஒரு இடத்துக்கு நானும் அவனும்தான். கோச் ஹைதராபாத்துக்காரர், பழைய ஆட்டக்காரர். இவன் திரும்பி வருவதற்காகவே காத்திருந்தவர். இரண்டு வாரம் பார்த்தார். பிறகு ஒருநாள் என்னைத் தனியே கூப்பிட்டு, "க்யா மியா, தேரே தோஸ்த் கோ க்யா ஹுவா?" என்று கேட்டார். உன் சிநேகிதனுக்கு என்ன ஆயிற்று என்ற அந்தக் கேள்வியில் உண்மையான கவலை இருந்தது. நான் சொல்லியிருக்கலாம். கோச் கெட்டவர் இல்லை. ஆலோசகர் யாரையாவது வைத்துப் பேசச் செய்திருப்பார், அவகாசம் கொடுத்திருப்பார். வாக்குக் கொடுத்துவிட்டதால் பேசாமல் இருந்திருந்தாலும் அதில் ஒரு நியாயம் இருந்திருக்கும். ஆனால் நான் பேசாமல் இருக்கவில்லை. "அங்க பெஞ்ச்லயே உக்காந்து சோம்பேறித்தனம் வந்துடுச்சு போல சார்" என்று இந்தியில் சொன்னேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று எனக்கு அப்போதே தெரியும்.

மறுநாளிலிருந்து அவனுக்குத் தண்டனைப் பயிற்சி. தினமும் எல்லோருக்கும் முன்னால் வந்து ஐம்பது உயரப் பந்துகளைப் பிடிக்க வேண்டும். அந்த ஐம்பதையும் அடிக்கிற வேலை எனக்கு. நான் அடிப்பேன், அவன் ஒரு எட்டு வைத்து நின்றுவிடுவான். முப்பதைத் தாண்டும்போது முகம் வெளுத்துவிடும். ஒருநாள் பாதியில் கையைக் காட்டி நிறுத்தச் சொல்லிவிட்டு, காலரிக்குப் பின்னால் போய் வாந்தி எடுத்தான். வாயைக் கழுவிக்கொண்டு வந்து, மிச்சம் எத்தனை என்று கேட்டான். பன்னிரண்டு என்றேன். அந்தப் பன்னிரண்டையும் அடித்தேன்.

சீசன் தொடங்கியபோது முதல் ஆளாக என் பெயர் இருந்தது. கால்பந்தைக் காலவிரயம் என்று இருபது வருடம் சொல்லிவந்த அப்பா, தினசரியில் என் பெயர் வந்த துண்டைக் கத்தரித்துப் பைபிளுக்குள் வைத்தார். சொந்த ஊர் ஆட்டம் ஒவ்வொன்றுக்கும் குடையோடு வந்து, காலரியில் ஒரே இடத்தில் உட்கார்ந்தார். கோல் அடித்தால் கைதட்ட வேண்டும் என்பது தெரியும். நான் பந்தைப் பிடித்தால் தட்டலாமா என்பதில் அவருக்குச் சந்தேகம். பக்கத்தில் இருப்பவரைப் பார்த்துவிட்டுத் தட்டுவார். அதை இழக்க நான் தயாராக இல்லை. இதைக் காரணமாகச் சொல்லவில்லை, இருந்ததைச் சொல்கிறேன்.

நான்கைந்து ஆட்டங்கள் போயிருக்கும். ஒரு ஞாயிறு சாப்பாட்டுக்குப் பிறகு அவன், "எங்கூட ஒரு எடம் வர்றியாடா?" என்று கேட்டான். அந்தப் பின்வரிசைக்காரன் அஸ்ஸாமில் தன் ஊருக்கே போய்விட்டானாம். நேரில் போய்ப் பார்க்க வேண்டும். ரயிலில் போக இரண்டு நாளுக்கு மேலாகும். "தனியாப் போவ பயமா கீது" என்றான். ஆட்டமில்லாத பத்து நாள் இடைவெளி எங்களுக்கு அப்போது இருந்தது. நான் பயிற்சியைக் காரணம் காட்டி, கோச் விடமாட்டார் என்றேன். கோச்சிடம் நான் கேட்கவேயில்லை. அவன், தன் வீட்டில் யாருக்கோ உடம்பு சரியில்லை என்று கோச்சிடம் சொல்லிவிட்டுத் தனியாகப் போனான்.

ஒன்பதாம் நாள் திரும்பியவன் நேராக எங்கள் வீட்டுக்கு வந்தான். அம்மா போட்ட காபியைக் கையில் வைத்துக்கொண்டு, குடிக்காமலே சொன்னான். அந்தப் பையன் ஒரு செல்போன் ரிப்பேர் கடையில் உட்கார்ந்திருந்தான். கால் மடங்குவதில்லை. இவனைப் பார்த்ததும் கல்லாப்பெட்டிப் பக்கத்தில் நின்ற அவன் மனைவி உள்ளே போனவள் வெளியே வரவில்லை. உயரப் பந்துக்கு வெளியே வரும் கோல்கீப்பர் "கீப்பர்!" என்று கத்த வேண்டும் என்பது ஆட்டத்தின் அரிச்சுவடி. அந்தச் சத்தம் கேட்டால் பின்வரிசைக்காரன் ஒதுங்கிக்கொள்வான். அன்று இவன் கத்தியிருப்பான், ரசிகர்களின் இரைச்சலில் கேட்டிருக்காது என்றுதான் எல்லோரும் நம்பியிருந்தார்கள். எனக்கும் அப்படித்தான் தோன்றியிருந்தது.

"நான் கத்தவேயில்ல மச்சான்" என்றான். "வாய் வரல. தப்பா கூப்ட்டா திட்டுவாங்கன்னு அந்த ஊர்ல எனக்கு வாயே வராது. அதத்தான் அவன்கிட்ட போய்ச் சொன்னேன்."

"அவன் என்ன சொன்னான்?"

"கைல இருந்த ஸ்க்ரூ டிரைவர கீழ வச்சான். அப்புறம், நீ கூப்ட்டது எனக்குக் கேக்கலன்னு ஒரு வருஷமா என் காதையே திட்டிக்கினு இருந்தேன்னான். டீ வாங்கிக் கொடுத்தான். குடிச்சதும், கெளம்புன்னான்."

மன்னித்தானா என்று கேட்டது என் அம்மாதான். அவன் தலையை ஆட்டினான். இல்லை என்றுதான் எனக்குத் தோன்றியது.

அடுத்த நாள் காலை அவன் கோலில் நின்றான், நான் மூலையிலிருந்து அடித்தேன். பந்து எழுந்தவுடன் "கீப்பர்!" என்று ஒரு அலறல். ரோட்டில் போன ஆட்டோக்காரர் திரும்பிப் பார்த்தார். அவன் வெளியே வந்துவிட்டான். பந்து கையில் நிற்கவில்லை, நழுவியது. பத்தாவதோ பதினைந்தாவதோ நின்றது. ஒரே நாளில் எல்லாம் சரியாகிவிடவில்லை. கோச் அவனை ஒரு மாதம் ஜூனியர் பையன்களோடு ஆடவிட்டார். ஒவ்வொரு வாரமும் கொஞ்சம் கொஞ்சமாக அவன் உடம்பு பழைய வித்தையை நினைவுபடுத்திக்கொண்டது. யாரும் இல்லாத மைதானத்திலும் தொண்டை கிழியக் கத்துவான். பையன்கள் கேலி செய்தார்கள். அவன் சிரிக்கவில்லை.

டிசம்பரில் ஒரு மாலை ஆட்டம். இரண்டாம் பாதி தொடங்கிக் கொஞ்ச நேரத்தில், தரையோடு வந்த பந்துக்காக நான் திரும்பினேன். பூட்ஸ் புல்லில் மாட்டிக்கொண்டது, உடம்பு திரும்பிவிட்டது, முழங்கால் திரும்பவில்லை. ஸ்ட்ரெச்சரில் என்னை வெளியே எடுத்துப்போகும்போது, எதிரணிக்கு ஒரு கார்னர். எனக்குப் பதிலாக இறங்கியிருந்த அவன் "கீப்பர்!" என்று கத்துவது பின்னாலிருந்து கேட்டது. பிறகு கூட்டத்தின் கைதட்டல். அவன் பிடித்துவிட்டான். வலியில் கண்ணை மூடியிருந்த எனக்கு, அந்தக் கைதட்டல் அடங்க வேண்டும் என்பதைத் தவிர வேறு நினைப்பில்லை. அப்பா காலரியிலிருந்து இறங்கி வரத் தெரியாமல் குடையோடு கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாராம்.

மிச்ச ஆட்டங்கள் எல்லாம் அவனுடையவை. லோனுக்குப் போகுமுன் இருந்ததைவிட நன்றாக ஆடினான் என்றார்கள். அது உண்மைதான். சீசன் முடிந்து நடந்த பாராட்டு விழாவில், ஊன்றுகோலோடு நானும் அம்மா அப்பாவோடு போயிருந்தேன். அவன் மைக்கைப் பிடித்து, உடைந்த இந்தியில் பேசினான். தான் திரும்பி வந்தபோது யாரும் தன்னோடு பேசவில்லை என்றும், தினமும் காலையில் எல்லோருக்கும் முன்னால் வந்து தனக்குப் பந்தடித்தவன் நான் ஒருவன்தான் என்றும் சொன்னான். ஒவ்வொரு வார்த்தையும் நடந்ததுதான். எல்லோரும் என் பக்கம் திரும்பிக் கைதட்டினார்கள். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நான் எழுந்து கும்பிட்டேன்.

முழங்கால் தேறவில்லை. சனத்நகரில் இயந்திர உதிரிப்பாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் தரம் பார்க்கும் வேலை எனக்கு. வந்து குவியும் இரும்பு வளையங்களில் எது அளவு பிசகியது என்று பார்த்து ஒதுக்குவது. அவன் பல வருடம் ஆடி ஓய்ந்து, இப்போது வேறு ஊரில் கோல்கீப்பர்களுக்குப் பயிற்சி கொடுக்கிறான். வருடத்துக்கு ஒருமுறை, கிறிஸ்துமஸ் அன்று பேசுவோம். இந்த வருடம் அம்மா இறந்த செய்தி கேட்டு அவனே வந்தான். அடக்கம் முடிந்து ஐந்தாறு நாள் ஆகியிருந்தது. முன்னறையில் அவளுடைய படத்தின் கீழே நாற்காலியில் உட்கார்ந்து, அவள் மீன் பொரிப்பதைப் பற்றி ஏதோ சொல்லி நிறுத்தினான். அவள் இருந்தவரை என்னால் சொல்ல முடியாததை அப்போது சொன்னேன். கோச் கேட்டதையும், நான் பதில் சொன்னதையும், கோச்சிடம் கேட்காமலே அஸ்ஸாமுக்கு வராமல் இருந்ததையும் ஒன்றுவிடாமல் சொன்னேன்.

உள்ளே என் மகள் தெலுங்கில் யாருடனோ போனில் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தாள்.

"நானும் ஒண்ணு சொல்லிடறேன்" என்றான். "நீ முட்டியப் புடிச்சிக்கினு வுயுந்த பாரு அன்னிக்கு. பெஞ்சுல இருந்தவங்க எல்லாம் உன்கிட்ட ஓடினாங்க. நான் ஓடல. மொதல்ல கிளவுஸ எடுத்து மாட்டினேன். ரெண்டு கையிலயும் மாட்டி, ஸ்ட்ராப்ப இறுக்கிக்கினு, அப்புறம்தான் உனக்கு என்னாச்சுன்னு திரும்பிப் பார்த்தேன்."

அவன் கைக்கடிகாரத்தைப் பார்த்தான். ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்தான். மூன்று மாடி இறங்கிப் போய் வழியனுப்ப என் முழங்கால் இடம் கொடுக்காது என்பது அவனுக்குத் தெரியும். "நீ இருடா" என்று தோளைத் தொட்டு உட்காரவைத்துவிட்டு, கதவை அவனே சாத்திக்கொண்டு போனான்.