ஜன்னல் மூலையிலிருந்து குசினி வரை

எங்கள் வீட்டில் சிக்னல் கிடைப்பது ஒரே ஓர் இடத்தில்தான். முன் ஹோலில், வீதியைப் பார்த்த ஜன்னலின் விளிம்பில், வலது பக்க மூலையில். இடது மூலையில் வைத்தால்கூடக் கிடைக்காது. சுனாமிக்குப் பிறகு கட்டிய வீடு என்பதால் என் தம்பி முன்னால் நின்று சீமெந்தை அள்ளிக் கொட்டிவிட்டான். மேலே கொங்கிரீட் தளம், சுற்றிலும் கோட்டைச் சுவர். இனிக் கடல் வந்தாலும் அசையாது என்றார்கள். கடல் வரவில்லை, அல்ஹம்துலில்லாஹ். சிக்னலும் வரவில்லை.

எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான். வீட்டு உறுதிப் பத்திரம் என் பெயரில் இருக்கிறது. ஆனால் அந்த ஜன்னல் மூலை மட்டும் என் புருஷனுக்குச் சொந்தம். பென்ஷன் எடுத்த நாளிலிருந்து அங்கேதான் கதிரை போட்டு உட்கார்ந்திருக்கிறார். நீர்ப்பாசனத் திணைக்களத்தில் வேலை பார்த்த மனுஷன். ஒரு வாய்க்கால் கதவைத் திறக்க ஊரெல்லாம் கையெழுத்து வாங்கிப் பழகியவர். இப்போது வாய்க்கால் இல்லாததால், வருகிற கோல்களைத் திறந்துவிடுகிற வேலையை எடுத்துக்கொண்டார். என் மொபைல், அவருடைய மொபைல் இரண்டும் அவர் காவலில்தான் படுத்துக் கிடக்கும்.

கட்டாரில் இருக்கும் எங்கள் ஒரே மகன் எடுப்பது என் மொபைலுக்கு. அவனுக்கு அங்கே காலைத் தேநீர் இடைவேளை, எனக்கு இங்கே ஆணத்துக்குத் தேங்காய்ப்பால் விடுகிற நேரம். கையைத் துடைத்துக்கொண்டு ஓடிவருவதற்குள் பாதி நாட்கள் கோல் நின்றுவிடும். கிடைத்தாலும் என்ன? "ஸ்பீக்கர்ல போடு புள்ள" என்பார் இவர். ஹோலில் யார் உட்கார்ந்திருக்கிறார்களோ அவர்கள் எல்லோரும் சேர்ந்துதான் என் மகனோடு கதைப்பார்கள். "நம்மட மகன் அங்க சுப்பர்வைசர்" என்று இவர் வந்தவர்களுக்கு முன்னுரை சொல்லி முடிக்கும்போது பிள்ளையின் இடைவேளை முடிந்திருக்கும்.

சில காலமாக அவன் குரல் சரியில்லை. "சாப்பிட்டீங்களா உம்மா? வேற என்ன?" அவ்வளவுதான். பெற்றவளுக்குத் தெரியாதா? ஒருநாள் இவர் பள்ளிவாசலுக்குப் போயிருந்த நேரம் கோல் வந்தது.

"உம்மா, தனியாவா இரிக்கீங்க?" என்று கேட்டான்.

"ஓம் மகன், சொல்லு" என்றேன். அவன் வாயைத் திறப்பதற்குள் கேற் திறந்தது. "ஆரு, மகனா? ஸ்பீக்கர்ல போடு புள்ள!"

"ஒண்டுமில்ல உம்மா, பிறகு கதைக்கன்" என்று வைத்துவிட்டான். அந்தப் "பிறகு" என் நெஞ்சில் மீன்முள் மாதிரிக் குத்திக்கொண்டு கிடந்தது. வீதியில் இறங்கி நின்று கதைக்கலாம்தான். ஆனால் எங்கள் வீதிக்கு ஸ்பீக்கரே தேவையில்லை. எனக்கு வேண்டியது குசினியில் நின்று, அடுப்பைத் தவிர வேறு யாரும் கேட்காமல், பிள்ளையோடு கதைக்க ஒரு வழி. இதை இவரிடம் எப்படிச் சொல்வது? "குசினியில நிண்டா கோல் தவறிப்போகுது" என்று மட்டும் சொன்னேன். அதுவும் பொய்யில்லை.

வழி சொன்னவன் தம்பி. எங்கள் குடும்பத்து விஞ்ஞானி அவன். ஒருமுறை அயலவர் வீட்டு ரீவிக்குப் படம் வரவைத்ததிலிருந்து அந்தப் பதவி. "மச்சான், வயர் இல்லாத வீட்டுப் போன் ஒண்டு இரிக்கி. அதுட பெட்டிய ஜன்னலடியில வெச்சி மொபைலோட புளூடூத்தால சேர்த்து விட்டா, மொபைலுக்கு வாற கோல் ராத்தாட கையில இரிக்கிற போனுல அடிக்கும். அவ குசினிக்குள்ள நிண்டே கதைக்கலாம்" என்றான். ராத்தாவாகிய நான் அவனுக்கு அன்று இரண்டு பொரித்த மீன் கூடுதலாக வைத்தேன்.

வாங்க முடிவெடுத்தது அன்று. வாங்கியது எப்போது என்று கேட்காதீர்கள். கல்முனை பஜாரில் இவர் ஏறாத கடையில்லை. சாய்ந்தமருதில் வெளிநாட்டுச் சாமான் விற்கிற வீடுகளுக்கும் போய் வந்தார். கறுப்பா, சாம்பலா? கறுப்பில் தூசி தெரியும், சாம்பலில் கைவிரல் தெரியும். போன் ஒன்று போதுமா, இரண்டு வேண்டுமா? கோல் எடுப்பவரின் பெயரை வாசித்துச் சொல்கிற பெண்குரல் வேண்டுமா? "ஊர் பேர் தெரியாத பொம்புள ஒருத்தி என்ட வீட்டுக்குள்ள என்னத்துக்குக் கத்துற?" என்று அதை மட்டும் உடனே தீர்த்துவிட்டார்.

கடைசி நாள் என்னையும் கூட்டிப் போனார். கடைக்காரத் தம்பி வாசலிலேயே "வாங்க ஹாஜியார்" என்றான். இவர் ஹஜ்ஜுக்குப் போனதில்லை. அந்த ஒரு சொல்லில் பாதி வியாபாரம் முடிந்துவிட்டது. மின்சாரம் நின்றால் வேலை செய்யுமா, கடற்காற்றுக்குத் துருப்பிடிக்குமா என்று இவர் கேட்டதற்கெல்லாம் ஓம் ஓம் என்றான். துருப்பிடிக்குமா என்றதற்கும் ஓம் என்றுவிட்டு, பிறகு இல்லை என்றான். என்னிடம் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. நானாகத்தான் கேட்டேன்: "குசினிக்குள்ள நிண்டு கதைக்க ஏலுமா?"

"குசினி என்ன ராத்தா, கிணத்தடிக்கும் கொண்டு போகலாம்! பிடிக்காட்டி ஒரு கிழமைக்குள்ள பெட்டி கிழியாமக் கொண்டு வாங்க, காச எண்ணித் தாறன்."

வீட்டுக்கு வந்ததும் திறப்புவிழா நடந்தது. ஜன்னலடியில் பெட்டி, அதன் பக்கத்தில் ஒரு போன், குசினிக்கு ஒரு போன். எவ்வளவு தூரம் இழுக்கும் என்று பார்க்கத் தம்பி ஒன்றைக் காதில் வைத்துக்கொண்டு கடற்கரைக்குப் போகிற ஒழுங்கையால் "ஹலோ மச்சான், ஹலோ மச்சான்" என்று நடந்தான். இவர் ஜன்னலடியில் நின்று "கேக்குது, கேக்குது" என்று கத்தினார். அந்தக் கத்தலுக்குப் போனே தேவையில்லை. ஒழுங்கை நாய்கள் தம்பியைத் திரும்பக் கொண்டுவந்து சேர்த்தன. சோதனைக்குத் தம்பி என் மொபைலுக்கு எடுத்தான். குசினிப் போன் அடித்தது. மாஷா அல்லாஹ்! எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

மறுநாளிலிருந்து குசினிப் போன் ஓயாமல் அடித்தது. லீசிங் கொம்பனி, காப்புறுதிக்காரர், பரிசு விழுந்திருக்கிறது என்று பதிவு செய்த குரல். முன்பெல்லாம் ஹோலோடு நின்ற சனியன்கள் இப்போது அடுப்படி வரைக்கும் வந்தன. எல்லோரும் வந்தார்கள், என் மகன் மட்டும் வரவில்லை. இரண்டு இடத்தில் அடிக்க வேண்டாம் என்று இவர் சத்தத்தை அமர்த்தி வைத்திருந்த மொபைலைப் பார்த்தால், ஜன்னல் மூலையில் அவனுடைய தவறிய கோல்கள் வரிசையாகக் கிடந்தன.

தம்பி வந்து திருப்பிப் பார்த்தான், புரட்டிப் பார்த்தான். பிறகு தலையைச் சொறிந்தான். "மகன் இன்டர்நெற்றாலதானே ராத்தா எடுக்கிற? இது நேர் கோலுக்கு மட்டும்தான் அடிக்குமாம். நெற் கோலுக்கு இது செவிடு."

வெளிநாட்டில் பிள்ளையுள்ள எந்த வீட்டில் நேர் கோல் வருகிறது? கறுப்பா சாம்பலா என்று ஊரையே கேட்ட மனுஷன், மகன் எப்படி எடுக்கிறான் என்று ஒருவரிடமும் சொல்லவில்லை. எனக்கு வந்த ஆத்திரத்தில் "ஹாஜியார், கிணத்தடிக்கும் கொண்டு போகவா?" என்று கேட்டுவிட்டேன். இவர் கதிரையை விட்டு எழுந்து வெளியே போய்விட்டார். அது எங்கள் வீட்டில் பெரிய சம்பவம்.

கடைக்காரன் கொடுத்த அந்த ஒரு கிழமை, ஏழு நாளும், முடிய இருந்த தறுவாயில், ஒரு பகல் குசினி வாசலில் வந்து நின்றார். "சரியாக்கிட்டன். நீ இஞ்சயே நில்லு, ஹோல் பக்கம் வராத" என்றார். நான் நம்பவில்லை. ஆனால் தேங்காய்ப்பால் விடுகிற நேரம் குசினிப் போன் அடித்தது. எடுத்தேன். கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல என் மகனின் குரல்.

"உம்மா?"

அடுப்பை அணைத்தேன். போனோடு பின்பக்கம் இறங்கிக் கிணற்றடிக்குப் போனேன். "இப்ப சொல்லு மகன். வாப்பா முன்னுக்கு இரிக்கார். நான் தனியத்தான் நிக்கன்."

அழுதான். என் பிள்ளை, மீசை முளைத்த பிள்ளை, அழுதான். "வேல போயித்து உம்மா. ரெண்டு மாசமா ரூமுக்குள்ளதான் இரிக்கன். நீங்க சந்தேகப்படுவீங்க எண்டுதான் பிரேக் நேரத்துக்கே எடுக்கன். வந்துரட்டா உம்மா? வாப்பாட்ட மட்டும் சொல்லிராதீங்க. ஊரெல்லாம் சுப்பர்வைசர் எண்டு சொல்லி வெச்சிரிக்கார். அவர்ட முகத்துல நான் எப்படி முழிக்கிற?"

அழாதே மகன் என்று சொல்லத்தான் நினைத்தேன். அதற்குள் போனுக்குள் வேறொரு குரல், மிகக் கிட்டத்தில், கரகரத்துக் கேட்டது.

"வா மனே. நீ வா."

ஹோலுக்கு ஓடினேன். இவர் ஜன்னல் மூலையில் நின்றுகொண்டிருந்தார். பள்ளிவாசலில் செருப்புகளைத் தலைமாற்றிச் சேர்த்து வைப்பதுபோல, ஸ்பீக்கரில் போட்ட என் மொபைலையும் வீட்டுப் போனையும் தலைமாற்றி ஒட்டி, இரண்டு கையாலும் நெஞ்சோடு அழுத்திப் பிடித்திருந்தார். இதுதான் அவர் சரியாக்கியது. மகன் எடுத்ததும் மொபைலை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு, ஜன்னலடிப் போனிலிருந்து குசினிப் போனுக்கு அடித்து, நடுவில் தானே நின்றிருக்கிறார். வாயை மூடிக்கொண்டு நிற்பதாகத்தான் நினைத்திருந்தாராம்.

"வாப்பா? நீங்க கேட்டுட்டா இருந்தீங்க?"

"ஓம். டிக்கெட்டப் போடு. மத்தக் கத எல்லாம் வீட்ட வந்து கதைக்கலாம்." கன்னத்தில் வழிந்ததைத் துடைக்க அவருக்குக் கையில்லை. நான்தான் முந்தானையால் துடைத்துவிட்டேன்.

அன்று அஸர் தொழுகைக்குப் பிறகு தம்பி வந்தான். கடைக்காரன் சொன்ன கெடு நாளையோடு முடிகிறது, பெட்டியை எடுங்கள் மச்சான், கொடுத்துவிட்டுக் காசை வாங்கி வருகிறேன் என்றான். இவர் கதிரையிலிருந்து அசையவில்லை.

"என்னத்துக்குக் குடுக்கிற?" என்றார். "அது நல்லாத்தானே வேல செய்யுது."