முற்றத்துத் தகரம்

எங்கள் ஊர் நிக்காஹ் மண்டபத்தின் படத்தை ஏதாவது பத்திரிகையில் நீங்கள் பார்த்திருக்கலாம். நடுவில் வானம் பார்த்த முற்றம், சுற்றிலும் குறுகலான நீளத் தாழ்வாரம், செங்கல் தூண்கள். படத்தில் ஆள் நடமாட்டமே இருக்காது. கட்டிய பெரிய கட்டடக் கலைஞருக்கு அதற்காக விருதெல்லாம் கிடைத்தது. எனக்கு அந்தப் படத்தைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வரும்.

அவர் மும்பைக்காரர். நாற்காலிக்கு உறை தைக்கக் கொடுக்க தாராவியில் எங்கள் தோல் பட்டறைக்கு வந்தவர், என் கணவரோடு பேசிப் பேசி, திருநெல்வேலிப் பக்கம் இருக்கும் எங்கள் சின்ன ஊரைப் பார்க்க ஆசைப்பட்டார். போனார், ஊர் பிடித்துவிட்டது. கூலி வாங்காமல் மண்டபம் கட்டித் தருகிறேன் என்றார். தங்கமான மனுஷன்தான், இல்லை என்று சொல்லவில்லை.

கோளாறு எங்கள் ஆட்களிடம். எங்களுக்கு விருந்து என்றால் சஹன்தான். பெரிய தட்டில் நெய்ச்சோறும் கறியும் வைத்து, நாலு பேர் வட்டமாக உட்கார்ந்து ஒரே தட்டில் கைவைத்துச் சாப்பிடுவோம். பெரிய இடத்து மனுஷன் எச்சில் பார்ப்பார் என்று பயந்து, அவர் வந்த அன்று மட்டும் ஊரே வாழை இலை போட்டு நீளப் பந்தியில் உட்கார்ந்தது. சஹன்களைப் பரணில் ஏற்றிவிட்டார்கள். அவரும் கண்ணால் கண்டதை நம்பி, பந்திக்குத் தோதாகத் தாழ்வாரம் கட்டினார். அதில் சஹனைச் சுற்றி நாலு பேர் உட்கார முடியாது. ஒருவருக்கு முதுகு சுவரில் இடிக்கும், இன்னொருவர் முற்றத்தில் விழ வேண்டும். ஆகவே விருந்து முற்றத்துக்கு வந்தது, கொளுத்தும் வெயிலில். ஒரு கல்யாணத்தில் பிள்ளைத்தாய்ச்சி ஒருத்தி மயங்கி விழுந்த பிறகு, தாராவியில் இருக்கும் எங்கள் ஊர் ஜமாஅத்தார் கூடிப் பேசி முற்றத்துக்கு மேலே தகரம் போட்டார்கள்.

விஷயம் தெரிந்து அவர் நேரே தாராவிக்கு வந்துவிட்டார். பட்டறைக்கு மேலே எங்கள் வீட்டில்தான் கூட்டம். அடுத்த மாதம் அந்த மண்டபத்தில் என் மகள் கல்யாணம். தகரத்தை எடுக்காவிட்டால், இது என் கட்டடமே இல்லை என்று என் பேரை எடுத்துவிடுவேன் என்றார் அவர், இந்தியில். ஜமாஅத்துத் தலைவர் என் கணவரின் அண்ணன். எல்லாவற்றுக்கும் "ஹாங் சாப்" என்று தலையாட்டினார். தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கலாமா என்று தமிழில் எங்களிடம் வேறு கேட்டார். என் மகள் விருந்தைப் பள்ளிக்கூட மைதானத்தில் வைத்துக்கொள்ளலாமாம். சொந்த மண்டபம் இருக்க, என் பிள்ளை தெருவில் நிற்க வேண்டுமா?

டீ கொடுக்க வந்தவள், தட்டைக் கீழே வைத்தேன்.

"மாட்ட யாரு குறை சொன்னா மச்சான்? வெயிலுக்குக் கொட்டகை போட்டிருக்கோம். அத எடுக்க முடியாது. வேணும்னா அவுக பேர எடுத்துக்கிடட்டும்."

பொம்பளைக்கு இங்கே என்ன பேச்சு என்று ஒருவர் முனகினார். இது என் வீடு, என் மகள் கல்யாணம் என்று அவர் வாயை அடைத்துவிட்டு, விருந்தாளியிடம் அந்த வாழை இலை நாடகத்தை இந்தியில் ஒன்றுவிடாமல் சொன்னேன். அவர் முகம் சுருங்கிப்போனது. ஏன் மறைத்தீர்கள் என்று கேட்டார்.

"எங்க கை பட்ட தட்டுல நீங்க கை வைக்க மாட்டீங்கன்னு பயந்தோம்," என்றேன். "உங்களுக்காக ஒரு நாள் ஒளிச்சு வெச்சோம். இனி யாருக்காகவும் ஒளிக்க மாட்டோம்."

அவர் எழுந்து ஏணிப்படியில் இறங்கிப் போனார். தகரத்தில் கை வைக்க அதற்குப் பிறகு யாருக்கும் துணிச்சல் வரவில்லை.

கல்யாணம் அதன் கீழேதான் நடந்தது. உள்ளதைச் சொல்ல வேண்டும், தகரம் அனலாய்க் கொதித்தது. மேலே ஓலை பரப்பச் சொன்னேன். அப்படியும் எல்லோரும் வேர்த்து வழிந்து, என்னைத் திட்டிக்கொண்டே சாப்பிட்டார்கள். கழற்றலாம் என்று மட்டும் ஒருவரும் சொல்லவில்லை.

விருந்து நடக்கும்போது வாசலில் கேமராவோடு ஒருவர் வந்து நின்றார். அந்தக் கட்டடக் கலைஞரின் ஆபீஸ் ஆள். நாங்கள் எப்படி உட்காருகிறோம் என்று படம் எடுத்துவரச் சொல்லி அனுப்பியிருக்கிறார், புதிதாக வரைந்து பார்க்கவாம். எனக்குக் கோபம் வந்தது. மறுபடியும் தள்ளி நின்று பார்த்துவிட்டு வரைவதா? படம் எடுக்க வேண்டாம், தெரிய வேண்டுமென்றால் உங்கள் சாப் தானே வந்து உட்காரட்டும் என்றேன். ஆனால் கல்யாண வீட்டுக்கு வந்தவரை வெறும் வயிற்றோடு அனுப்ப மனசில்லை. மூன்று பேர் உட்கார்ந்திருந்த ஒரு சஹனைக் காட்டி, கேமராவைக் கழற்றி வைத்துவிட்டுக் கையைக் கழுவச் சொன்னேன்.