ஞாயிற்றுக்கிழமைகளில் கழன்ற கைப்பிடி

நான் கால்நடைத் தரகன். எங்கள் மலைநாட்டில், அட்பாஷி ஊர் ஞாயிற்றுச் சந்தையில் ஏழு வயதுக் குதிரையை ஐந்து வயது என்று, அதன் வாயைத் திறந்து காட்டிக்கொண்டே, சத்தியம் செய்து தள்ளிவிட்டிருக்கிறேன். அதனால் என் பேச்சை நீங்கள் நம்பாவிட்டால் எனக்குக் கோபமில்லை. ஆனால் இதில் ஒரு சொல்கூட நான் சேர்த்தது இல்லை. இது பொய்யாக இருந்தால் என்னைவிடச் சந்தோஷப்படுகிறவன் இந்த ஊரில் இருக்க மாட்டான்.

முதலில் உலாரைப் பற்றி. எங்கள் தெருக்காரன், என் வயதுக்காரன். பழைய ரஷ்ய மோட்டார் சைக்கிள் ஒன்று வைத்திருந்தான். என் மனைவி கனிஷாய் என் மனைவி ஆவதற்கு முன்னால் அந்த வண்டியின் பின் சீட்டில் உட்கார்ந்து போனவள். ஊரே பார்த்தது. என் அப்பா அவள் அப்பாவிடம் வேகமாகப் பேசி, பெண்ணுக்கு விலையாகக் குதிரைகளை அவர் வீட்டுக்கு ஓட்டிவிட்டு, கல்யாணத்தை முடித்தார். உலார் அதன்பின் கல்யாணமே செய்துகொள்ளவில்லை. ஒன்பது வருடம். தெருவில் அந்த வண்டிச் சத்தம் கேட்டால், சூப்புச் சட்டியில் கனிஷாயின் கரண்டி ஒரு நொடி நிற்கும். ஒரே ஒரு நொடிதான். ஒவ்வொரு முறையும் நான் கவனித்தேன்.

போன வருடம் அக்டோபரில் உலார் நுரையீரல் காய்ச்சலில் செத்தான்.

எங்களில் ஆண் செத்தால் அவன் குதிரையின் வாலையும் பிடரியையும் கத்தரித்துவிடுவார்கள். செத்து ஒரு வருடம் நிறையும்போது போடும் வருட விருந்து முடியும்வரை அதன்மேல் யாரும் ஏறுவதில்லை. உலாருக்குக் குதிரை கிடையாது. அவன் அப்பா சபர்பாய், ஆட்டு மயிர் வெட்டும் கத்தரியால், வண்டிக் கைப்பிடிகளில் தொங்கிய தோல் குஞ்சங்களை வெட்டி எறிந்துவிட்டு வண்டியைச் சாத்தி வைத்தார்.

மார்ச்சில் வண்டியை விலைக்குக் கேட்டு நான் அங்கே போனேன்.

"வருஷம் ஆகட்டும்டா," என்றார் கிழவர்.

"சித்தப்பா, குதிரைன்னா சரி. இரும்புக்கு ஏது துக்கம்? துருதான் பிடிக்கும்."

"ஊர் என்ன சொல்லும்?"

"ஊரா வந்து எண்ணெய் போடப் போகுது?"

இரண்டு கொழுத்த ஆட்டுக்கு முடித்தேன். எனக்கு வண்டி தேவையில்லை. மாடு ஏற்ற வேன் இருக்கிறது. அவன் உட்கார்ந்த இடத்தில் நான் உட்கார வேண்டும், அதை அவள் பார்க்க வேண்டும். அவ்வளவுதான். கனிஷாய் ஜன்னல் வழியாகப் பார்த்தாள். பிறகு திரைச்சீலையை இழுத்துவிட்டாள்.

வாங்கிய வாரமே, ஞாயிறு மத்தியானம் சந்தையிலிருந்து வந்து பார்த்தால், இரண்டு கைப்பிடி ரப்பரும் ஆடின. இடது பக்கம் இழுத்தால் கையோடு வந்தது. வலது பக்கம் இன்னும் மோசம். திருகினால் ரப்பர் மட்டும் சுற்றும், எஞ்சினுக்கு அது காதில் விழாது.

இதற்கு எல்லா மெக்கானிக்கும் சொல்லும் வைத்தியம் ஒன்றுதான். ரப்பரை உருவி, குழாயைப் பெட்ரோலில் துடைத்து, பெண்கள் தலைக்கு அடிக்கும் ஸ்பிரேயை உள்ளே அடித்துச் சட்டென்று மாட்டிவிட வேண்டும். ஈரம் இருக்கும்வரை வழுக்கிக்கொண்டு ஏறும். காய்ந்தால் கவ்விக்கொள்ளும்.

"என் ஸ்பிரேயை இரும்புக்கா அடிக்கிறீங்க?" என்றாள் கனிஷாய்.

"எனக்காக நீ ஒரு நாளும் அடிச்சதில்ல. இதுக்காவது ஆகட்டும்."

அவள் டப்பாவை என் முன்னால் வைத்துவிட்டு அடுப்படிக்குப் போனாள்.

ஸ்பிரே நன்றாகப் பிடித்தது. திங்கள் முதல் சனி வரை அசையவில்லை. அடுத்த ஞாயிறு நான் சந்தைக்குப் போய் வந்தேன். மறுபடியும் ஆடியது.

பசை போட்டேன். சனிவரை கல் மாதிரி இருந்தது. ஞாயிறு மத்தியானம் ஆடியது.

அப்போதுதான் மீட்டரைப் பார்த்தேன். சந்தேகப்பட்டு நான் சனி இரவு குறித்துவைத்திருந்த எண்ணைவிட முப்பத்தெட்டு கிலோமீட்டர் கூடியிருந்தது.

எனக்கு ரத்தம் கொதித்தது. நான் சந்தையில் மாட்டின் பல்லை எண்ணிக்கொண்டிருக்கிறேன். எவனோ என் வண்டியில், என் பெண்டாட்டியோடு... ஆனால் டாங்கில் குச்சி விட்டுப் பார்த்தேன். பெட்ரோல் ஒரு சொட்டும் குறையவில்லை. வெளியே முழங்கால் சேறு. டயரில் மண் இல்லை. பெட்ரோலை நிரப்பி, டயரைக் கழுவிவைத்துவிட்டுப் போகிற கள்ளக்காதலனை நான் கேள்விப்பட்டதில்லை.

அந்த வாரம் கைப்பிடிகளைக் கம்பியால் கட்டினேன். ஒவ்வொன்றுக்கும் மூன்று சுற்று. குறட்டால் முறுக்கி, உள்ளங்கையில் குத்தாதபடி முனையை மடித்து ரப்பருக்குள் செருகினேன். குறடு இல்லாமல் எவனாலும் அவிழ்க்க முடியாது.

ஏப்ரல் இரண்டாம் ஞாயிறு. விடியற்காலை மூன்றரைக்கு வழக்கம்போல் வேனைக் கிளப்பினேன். ஊருக்கு வெளியே தூரத்தில், மாவு மில் முனையில் நிறுத்திவிட்டு நடந்தே திரும்பினேன்.

4:35. வண்டி நின்ற கொட்டகைக்குள் நுழைந்து உள்பக்கம் கொக்கி போட்டேன். வைக்கோல் போருக்குப் பின்னால் உட்கார்ந்தேன். கையில் இரும்புக் கம்பி.

4:52. நாய் ஒருமுறை முனகியது. பிறகு கட்டைவண்டிக்கு அடியில் ஊர்ந்து போய்ப் படுத்துக்கொண்டது. குரைக்கவில்லை.

5:08. வெளியே காலடி இல்லை. கொக்கி போட்டபடி இருந்தது.

5:10.

க்ரீச்...

ஒரு மெல்லிய சத்தம். கம்பி முறுக்கு அவிழ்கிற சத்தம்.

க்ரீச்... க்ரீச்...

பலகை இடுக்கில் விடியல் வெளிச்சம். இடது கைப்பிடியில் கம்பி தானாகச் சுற்றிச் சுற்றி அவிழ்ந்தது. தரையில் விழுந்தது. டிங். பிறகு வலது. டிங்.

யாரும் இல்லை.

ரப்பர் அமுங்கியது. நான்கு விரல் பள்ளம். இடதிலும் வலதிலும்.

முன் சீட்டின் ஸ்பிரிங் கிறீச்சிட்டது. சீட் கீழே இறங்கியது.



ஒரு நிமிடம் போனது.

பின் சீட்டும் இறங்கியது.

அதைப் பார்த்ததும் எனக்குப் பயம் போய்ப் பொறாமை வந்தது. சிரிக்காதீர்கள். இரண்டு பேர்... இரண்டு பேர் உட்கார்ந்திருக்கிறார்கள்!

எஞ்சின் சத்தம் இல்லை. சக்கரம் சுற்றவில்லை. ஆனால் வேகமானி முள் எழுந்தது. இருபது... நாற்பது... அறுபது...

அடைத்த கொட்டகைக்குள் காற்று வீசியது. வைக்கோல் என் முகத்தில் அடித்தது.

எழுபது.

கொக்கியைப் பிய்த்துக்கொண்டு வீட்டுக்குள் ஓடினேன்.

5:19. கனிஷாய் படுக்கையில் இருந்தாள். தூங்கிக்கொண்டிருந்தாள்.

அடுப்பு கனன்றுகொண்டிருந்தது. அவள் கன்னத்தைத் தொட்டேன்.

பனிக்கட்டி.

கன்னம் இரண்டும் சிவந்திருந்தன. எதிர்க்காற்றில் போகிறவர்களுக்குச் சிவக்குமே, அப்படி. கண்ணோரத்து நீர் காதை நோக்கி இழுபட்டிருந்தது. உலுக்கினேன். கூப்பிட்டேன். எழவில்லை.

சிரித்தாள்.

ஒன்பது வருடத்தில் நான் பார்க்காத சிரிப்பு.

6:05க்குத்தான் கண்ணைத் திறந்தாள். "சந்தைக்குப் போகலையா?" என்றாள். குரலில் ஏமாற்றம்.

காலை எட்டு மணிக்கு வண்டியைத் தள்ளிக்கொண்டே சபர்பாய் வீட்டுக்குப் போனேன். ஏறி ஓட்டத் தைரியம் இல்லை. கிழவர் கைப்பிடிகளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"ஆட்டை அறுத்துச் சாப்பிட்டாச்சு."

"ஆடு வேணாம் சித்தப்பா. வண்டியை வச்சுக்கங்க."

"பேரம் பேசாம நீ எதையாவது விட்டு இன்னிக்குத்தான்டா பாக்கறேன்," என்றார். அவர் சிரிக்கவில்லை.

அக்டோபரில் வருட விருந்து நடந்தது. குதிரையாக இருந்தால் அன்று அறுத்திருப்பார்கள். சபர்பாய் வெல்டரைக் கூப்பிட்டு, ஊர் பார்க்க, வண்டியை வெட்டச் சொன்னார். ஹேண்டில்பார் இரண்டு துண்டு. சட்டம் நான்கு துண்டு. பழைய இரும்புக்காரன் அள்ளிக்கொண்டு போனான். கனிஷாய் என் பக்கத்தில் நின்று பார்த்தாள். அழவில்லை. நான் ஆறு மாதத்துக்குப் பிறகு நிம்மதியாகத் தூங்கினேன். மறு ஞாயிறிலிருந்து, ஏப்ரலோடு நிறுத்தியிருந்த சந்தைக்கும் போனேன்.

நவம்பர். சந்தையில் தூரன் என்ற மேய்ப்பன் வந்து கை குலுக்கினான். அவன் பட்டி கணவாய்ப் பாதையில், எங்கள் ஊரிலிருந்து பத்தொன்பது கிலோமீட்டரில் இருக்கிறது.

"அண்ணே, அண்ணி பெரிய ஆளு! பனியிலகூட வேகத்தைக் குறைக்கறதில்ல."

"என்ன உளர்றே?"

"அதான், மோட்டார் சைக்கிள். ஞாயித்துக்கிழமை விடிஞ்சும் விடியாம எங்க பட்டி வரைக்கும் வந்து திரும்புவாங்களே. வசந்த காலத்துல பாத்தேன். நடுவுல காணோம். இப்ப போன மூணு ஞாயிறும் வந்தாங்க."

வண்டி வெட்டப்பட்டு இருபத்திரண்டு நாள் ஆகியிருந்தது.

"அவளைக் கூட்டிட்டு வர்றது யாரு?"

"கூட்டிட்டு வர்றதா?" தூரன் சிரித்தான். "அண்ணிதானே ஓட்டறாங்க. ரெண்டு கைப்பிடியையும் அப்படிப் பிடிச்சுக்கிட்டு! பின்னால ஒரு ஆளு, அவங்க தோள்ல தாடையை வச்சுக்கிட்டு சும்மா உக்காந்திருக்கான். நீங்கதான்னு நெனச்சுக் கை காட்டினேன். திரும்பிப் பார்த்தான். நீங்க இல்ல."

கனிஷாய்க்கு வண்டி ஓட்டத் தெரியுமா என்று ஒன்பது வருடத்தில் நான் கேட்டதே இல்லை.

இன்றுவரை கேட்கவில்லை.

கேட்டால், சொல்லிவிடுவாள்.