தீய்ந்த பிண்ணாக்கும் குருசாமி மச்சானும்

ராஜபாளையம் முதல் ஸ்ரீவில்லிபுத்தூர் வரை மாடு வளர்க்கும் பெருமக்களே, உங்களில் ஒருவரும் நம்ப முடியாத கதை ஒன்றைச் சொல்லப்போகிறேன் என்று இதனால் உறுதி கூறுகிறேன். போன வாரம் காலையில் அக்கா மகன் போன் செய்தான். "மாமா, அப்பாவ காப்பி குடிக்கக் கூப்பிட்டோம். எந்திரிக்கல." அக்காவின் வீட்டுக்காரர், என்னோடு சேர்ந்து வன்னியம்பட்டி பக்கம் மாட்டுத்தீவனக் கொட்டகை நடத்திய குருசாமி மச்சான் போய்விட்டார்.

பிண்ணாக்கை ஊறப்போட்டு வைப்பது நம் வழக்கம். மச்சான் அதைப் பார்த்தால் தன் சோற்றில் யாரோ மண்ணைப் போட்டதுபோலப் பதறுவார். மாட்டின் முதல் வயிற்றில் கோடானுகோடி நுண்கிருமிகள் குடியிருக்கின்றன. ஊறிய பிண்ணாக்கின் புரதத்தில் பெரும்பகுதியை அவையே சிதைத்துவிடும். பதமாகச் சூடேற்றினால் அது அவற்றிடம் தப்பி, அடுத்த வயிற்றிலும் குடலிலும் செரித்துப் பாலுக்கு உதவும். கால்நடை மருத்துவரிடம் இதைக் கேட்டு வந்த மச்சான், பெரிய இரும்புச் சட்டியில் கடலைப் பிண்ணாக்கைச் சூடேற்றி விற்கத் தொடங்கினார். "கிருமிக்குப் பந்தி வைக்காதீக, மாட்டுக்கு வைங்க" என்பார்.

அதன்பின் எங்கள் வாடிக்கைக்காரர் செல்லத்தாயின் பசு கறந்த பாலில் அதன் கன்று நீச்சல் பழகியது. பால்கோவா கிண்டுகிறவர்கள் சட்டி போதாமல் கண்மாயைக் கேட்டு மனுக் கொடுத்தார்கள்.

ஒரு தடவை பிண்ணாக்கு பதம் தப்பிக் கருகியது. அந்த மணத்தில் ஆண்டாள் கோவில் கோபுரத்துப் புறாக்கள் மயங்கி விழுந்தன. மாடுகளும் ஆவலாகத் தின்றன. ஆனால் ஒரே வாரத்தில் பால் சரிந்தது. சூடு மீறினால் புரதம் எந்த வயிற்றிலும் செரிக்காது, சாணத்தோடு போய்விடும். ஊரில் கண்ணுபட்டது என்று மிளகாய் சுற்றிப் போட்டார்கள். செல்லத்தாய், கன்று ஈன்று ஒரு மாதமே ஆன பசுவை விற்கத் தரகரை வரச்சொல்லிவிட்டார்.

"மச்சான், கண்ணுன்னு ஊரே சொல்லுது. நாம ஏன் வாயத் தொறக்கணும்? சொன்னா ஒருத்தன் நம்மகிட்ட வாங்க மாட்டான்" என்றேன்.

"ஏலே மாப்ள, மாடு வந்து சொல்லாதுலே. நாமதான் சொல்லணும். வண்டிய எடு."

நாங்கள் போனபோது மாட்டுக் கயிறு தரகர் கையில் இருந்தது. மச்சான் அதைப் பிடித்துக்கொண்டார். "மாட்டு மேல குத்தமில்ல தாயி. பிண்ணாக்கத் தீச்சது என் கை. இந்தா, நல்ல மூட்டை கொண்டாந்திருக்கேன். பத்து நாள் பொறு."

"ஏன் அண்ணாச்சி, நீங்க வறுத்தது பிண்ணாக்கா, காப்பிக்கொட்டையா?" என்றார் செல்லத்தாய். "பத்து நாள் கழிச்சும் மடி இப்படியே கெடந்தா?"

"எங்க எருமைய அவுத்துட்டு வந்து இங்க கட்டுதேன்."

"அந்தக் கெழட்டு எருமையவா? அதுக்கு நீங்களே வந்து நிக்கலாம்."

தரகர் சிரித்தார். செல்லத்தாய் சிரிக்கவில்லை, ஆனால் கயிற்றை வாங்கிப் பசுவைத் திரும்பவும் கட்டினார். அன்று முந்நூறு வீடு ஏறி இறங்கினோம். வாசலுக்கு வாசல் அதே வார்த்தை: "என் கை." சிலர் அத்தோடு எங்களை விட்டுப் போனார்கள். பத்து நாளில் செல்லத்தாயின் பசுவுக்குப் பால் ஏறியது. அது அவர் தொழுவத்திலேயே இன்னும் மூன்று ஈத்து ஈன்றது.

கன்றின் நீச்சலையும் புறாக்களையும் நீங்கள் தாராளமாகத் தள்ளிவிடலாம். வீடுகளும் முப்பதுதான் இருக்கும். பிண்ணாக்கு கருகியதும், மச்சான் வாசல் ஏறிச் சொன்னதும் நிஜம். ஆனால் அது கருகிய அன்று மச்சான் மகாராஜபுரத்துக்கு மூட்டை இறக்கப் போயிருந்தார். சட்டியைப் பார்க்கச் சொல்லியிருந்தது என்னை. நான் வெளியே நின்று போனில் கதையளந்துகொண்டிருந்தேன். இது அவருக்குத் தெரியும். கடைசிவரை அக்காவிடம்கூடச் சொல்லவில்லை.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அந்த இரண்டு சொல்லை மட்டும்தான். முப்பது வாசலுக்கும் இப்போது நானே சொல்லிவிடுகிறேன்: என் கை.