நாவல் மரத்தில் தொங்கிய பெட்ஷீட்

2006-இல் வட்டக்கானலுக்குக் கீழே ஓர் ஓடைக்கு நடைபாலம் கட்டும் வேலை என் தலையில் விழுந்தது. நான் ஓவர்சியர். அக்கரையில் பன்னிரண்டு வீடுகள். அங்குள்ள பிள்ளைகள் ஓடையில் இறங்கித்தான் பள்ளிக்குப் போக வேண்டும்.

அக்கரையில் குடியிருந்த மகாராணி பெயருக்குத்தான் மகாராணி. சுற்றுலா விடுதிகளின் பெட்ஷீட்டுகளை அந்த ஓடையில்தான் துவைப்பாள். சிறுமியாக இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்தவள். அதிகாரி என்று யார் வந்தாலும் 'தொரை'தான். மரியாதை அந்தச் சொல்லோடு முடிந்துவிடும்.

நான் ஓடைத் தரையிலிருந்து இடுப்புயரத்துக்குப் பாலம் வரைந்திருந்தேன். ஓடை அதற்கு மேல் ஏறியதில்லை என்று நாற்பது வருடக் கணக்கு சொன்னது. மகாராணி கரையிலிருந்த நாவல் மரத்தைக் காட்டினாள். ஓடைக்குள் நின்ற என் தலைக்கு ஒரு முழம் மேலே, கிளையில் ஒரு பெட்ஷீட் சிக்கியிருந்தது. போன மாதம் வெள்ளம் இழுத்துப் போனதாம். விடுதிக்காரர் அருள்தாஸ் அதை எடுத்துத் தரச் சொல்லித் தினமும் கத்துகிறாராம். பாலத்துக்காரர் பார்க்கும்வரை தொடமாட்டேன் என்று இவள் அடம்பிடித்திருக்கிறாள்.

காற்று தூக்கிப் போட்டிருக்கும் என்றேன்.

"காத்துக்கு ஏது சேறு, தொரை? நல்லாப் பாருங்க, சருகும் சேறுமா அப்பிக் கெடக்கு. என் பேத்தி இந்தப் பாலத்துலதான் நடக்கணும்."

முன்பெல்லாம் பத்து நாள் சாரல் விடாமல் பிடிக்குமாம். துணி காயாததுதான் அவளுக்குக் கவலை. சோலையும் புல்லும் குடித்தது போக மிச்சம்தான் ஓடைக்கு வரும். இப்போது மாதக்கணக்கில் வெயில் அடித்து மண் இறுகிவிடுகிறது. பிறகு பத்து நாள் மழை ஒரே மதியத்தில் கொட்டுகிறது. இறுகிய மண் எதைக் குடிக்கும்? உலகம் சூடாகச் சூடாகக் காற்று அதிக ஈரம் சுமக்கும், பெய்தால் மொத்தமாகப் பெய்யும் என்று நானும் பத்திரிகையில் படித்திருந்தேன். படித்ததை ஏன் பாலத்தோடு சேர்த்துப் பார்க்கவில்லை என்று மட்டும் கேட்காதீர்கள்.

மேலதிகாரியிடம் திட்டு வாங்கி, பெட்ஷீட்டுக்கு இரண்டு முழம் மேலே பாலத்தை ஏற்றினேன். இரு பக்கமும் மேட்டிலிருந்து ஏறப் படிக்கட்டு. பாலம் ஒரு வெள்ளத்தைப் பார்க்கட்டும் என்று பெட்ஷீட்டை அவள் அப்போதும் எடுக்கவில்லை. ஊரே 'மகாராணி மாடி' என்று கேலி செய்தது. அவள் அந்தப் படிகளில் நிமிர்ந்து நடந்த நடையைப் பார்த்திருக்க வேண்டும்.

மறு ஐப்பசியில் அருள்தாஸ் விடுதியில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். ஒரு மணி நேரம் கொட்டியது மழை. குடையோடு ஓடினேன். பாலத்துக்கு ஒன்றரை முழம் கீழே செம்மண் நீர் உறுமிக்கொண்டு போனது. பள்ளி விட்டு வந்த மகாராணியின் பேத்தி, பையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு சாவகாசமாகப் பாலத்தைக் கடந்தாள். நான் முதலில் வரைந்த பாலம் அந்த நீருக்கு எவ்வளவு அடியில் கிடந்திருக்கும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

நீர் வடிந்தபின் பார்த்தால் மரத்தில் பெட்ஷீட் இல்லை. அருள்தாஸ் தலையில் கை வைத்தார். மகாராணி அதைக் கண்டுகொள்ளவே இல்லை. பெட்ஷீட் இருந்த கிளைக்கு மேலே புதிதாகச் சிக்கியிருந்த சருகைக் காட்டினாள்.

"போன தடவைக்கு ஒரு சாண் கூட ஏறிருக்கு, தொரை. குறிச்சுக்குங்க."

குறித்துக்கொண்டேன்.