எக்கிட்னா என்றால் பாம்பு

1987 ஒக்டோபரில் ஒரு சனிக்கிழமை, ஃப்ரிபூர்க்கிலிருந்து பாசலுக்குப் போனோம். ஆசைப்பட்டவர் என் அறைத்தோழர் நடேசன் மாஸ்டர். யாழ்ப்பாணத்தில் விலங்கியல் படிப்பித்தவர், இங்கே என்னோடு உணவகத்தில் கோப்பை கழுவினார். முட்டையிட்டுப் பாலூட்டும் ஆஸ்திரேலியப் பிராணியான எக்கிட்னாவைப் பதினான்கு வருடமாகப் படத்தில் மட்டுமே காட்டியவர். பாசல் அருங்காட்சியகம் ஒன்றில் அது இருப்பதாக யாரோ சொல்லியிருந்தார்கள்.

காலை 8.05க்கு ரயில். பேர்ணில் மாறவேண்டும். ஏறக்குறைய நூற்றுமுப்பது கிலோமீட்டர், இரண்டு மணித்தியாலம். போகவர ஆளுக்கு ஐம்பது பிராங்குக்குச் சற்றுக் குறைவு. (பாணும் சம்பலும் கட்டிக்கொண்டு போனோம். அங்கே சாப்பாட்டு விலையைக் கேட்டாலே பசி போய்விடும்.) ஸ்டேஷனிலிருந்து இருபது நிமிட நடை.

கண்ணாடிப் பெட்டிக்குள் முள்ளும் நீண்ட மூக்குமாக அது நின்றது. பலகையில் ஜெர்மன் பெயர்: ‘எறும்பு முள்ளெலி’ என்று பொருள்.

“பாத்தியே, முள்ளெலி எண்டுதான் போட்டிருக்கு. எக்கிட்னா எண்டாலும் அதுதான்” என்றார் மாஸ்டர், சந்தோஷமாக.

சந்தேகம் தீர, காவலுக்கு நின்ற பெண்ணிடம் ஆங்கிலத்தில் கேட்டார். அவள் இல்லையென்று தலையாட்டி விளக்கினாள். கிரேக்கத்தில் முள்ளெலிக்கு ‘எக்கினோஸ்’, அது வேறு சொல். எக்கிட்னா என்றால் விரியன் பாம்பு. பழங்கதைகளில் பாதி பெண், பாதி பாம்பு, அரக்கர்களைப் பெற்ற தாய்.

மாஸ்டர் பெட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

“என்ன மாஸ்டர்?”

“வசந்தி எண்டு என்ர வகுப்பில ஒரு பிள்ளை. எக்கிட்னா எண்டா முள்ளெலி எண்டு படிப்பிச்சன். ‘சேர், அது பாம்பெண்டெல்லோ அகராதியில கிடக்கு’ எண்டவள். வகுப்புக்கு முன்னால எழுப்பி நிக்கவைச்சு ஏசிப்போட்டன். ஒரு கிழமை என்னோட கதைக்கேல்லை.”

“இப்ப எங்க அவ?”

“ஷெல் விழுந்து செத்துப்போனாள். பதினெட்டு வயசு.”

திரும்பும் ரயிலுக்கு முன், வசந்தியின் தாய்க்கு ஒரு தபாலட்டை எழுதினார். ‘எக்கிட்னா விஷயத்தில் உங்கள் மகள் சொன்னதே சரி. பிழை என்னுடையது.’ அதை ஸ்டேஷன் தபால்பெட்டியிலேயே போட்டார்.

போக நினைப்பவர்களுக்கு: திங்கட்கிழமைகளில் பெரும்பாலும் பூட்டியிருக்கும். பார்க்க விரும்பும் பிராணி காட்சியில் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். மன்னிப்புக் கேட்க ஆள் இருந்தால், பயணத்துக்கு முன்பே கேட்டுவிடுங்கள்.

இரண்டு மாதம் கழித்துப் பதில் வந்தது. ‘அவள் என்ன சொன்னாள் என்று எனக்கு விளங்கவில்லை, மாஸ்டர். என் பிள்ளை சொன்னது சரியென்று எழுதியிருக்கிறீர்கள். வருகிறவர்களுக்கெல்லாம் வாசித்துக் காட்டுகிறேன்.’

அன்று மாஸ்டர் வேலைக்கு வரவில்லை. அவருடைய கோப்பைகளையும் நானே கழுவினேன்.