கதவோரத்துக் காசிமிரா

"இந்த வருஷம் உனக்கு என்ன தம்பி வேணும்?" என்று கேட்டார் காசிமிராக்கா. ஓடுகிற மினிபஸ்ஸில் பாதி உடம்பை வெளியே தொங்கவிட்டு, ஒரு கையால் கதவின் மேல்கம்பியைப் பிடித்தபடி, மறு கையிலிருந்த சால்தென்யா என்ற இறைச்சிப் பணியாரத்தை உள்ளிருக்கும் குழம்பு ஒரு சொட்டும் சிந்தாமல் கடித்துக்கொண்டிருந்தார். வாய் காலியானதும் தெருவைப் பார்த்து, வண்டி போகிற இடங்களைச் சொல்லி, "செஹா, பெரெஸ், பிராதோ. செஹா, பெரெஸ், பிராதோ" என்று குரல் கொடுத்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "சொல்லு. வீடா, காரா, பொண்டாட்டியா?"

ஜனவரி பிறந்தால் மலைமேல் இருக்கிற எங்கள் எல் ஆல்ட்டோவில் யாரும் யாரையும் கேட்கிற கேள்விதான் இது. இருபத்து நாலாம் தேதி அலசீட்டா சந்தை. எது வேண்டுமோ அதன் விரலளவுப் பொம்மையை வாங்கி, நண்பகல் மணி அடிக்கும்போது பூசாரியின் புகையில் காட்டிவிட்டால், வருஷத்துக்குள் நிஜமானது வந்து சேரும். செங்கல், அரிசி மூட்டை, பட்டச் சான்றிதழ், பாஸ்போர்ட் செருகிய பெட்டி, எல்லாமே உள்ளங்கையில் அடங்கும். பள்ளி முடித்து ஒரு வருஷமாக நகலெடுக்கும் கடையில் நிற்கிற எனக்கு, காலையில் பெட்டி வேண்டும் போலிருக்கும். மாலையில் பட்டம் வேண்டும் போலிருக்கும்.

"நீங்க பெரிய பஸ்ஸா ஒண்ணு கேளுங்கக்கா" என்றேன்.

"பஸ்ஸு கேட்டா அது வர்ற வரைக்கும் வானத்தப் பாத்துட்டு உக்காரணும். போன வருஷம் வைப்பர் கேட்டேன்."

"வந்துச்சா?"

"வந்துச்சு. நான்தான் போய் வாங்கினேன். ஆனா வந்துச்சுல்ல?"

அவருக்கு நாற்பது வயது தாண்டியிருக்கும். கம்பளித் தொப்பி, ஆண்கள் போடுகிற மழைச்சட்டை, விரல் நுனி வெட்டிய கையுறை. வண்டியை ஓட்டுவது அவருடைய அண்ணன் பெர்மின். கதவு இவருடையது. 'செஹா' என்ற இரண்டெழுத்தை மூன்று வளைவாக இழுப்பார். அடுத்த தெருவில் பல் தேய்ப்பவர்கூட வாயைக் கொப்பளித்துவிட்டு ஓடி வருவார். ஏறலாமா வேண்டாமா என்று நிற்பவரிடம், "வாங்க இன்ஜினியரே, உங்க சீட்டு உங்களக் கேட்டு அழுவுது" என்பார். அந்த ஆள் இன்ஜினியராக இருந்ததே இல்லை. ஆனாலும் ஏறிவிடுவார்.

ஜனவரி நடுவில், ஆலங்கட்டி மழை பெய்த வாரம், அந்தக் குரல் போயிற்று. முதலில் கரகரத்தது, பிறகு காற்று மட்டும் வந்தது. சுகாதார நிலையத்து டாக்டரம்மா தொண்டையைப் பார்த்துவிட்டு, மார்ச் வரை கத்தவே கூடாது, மீறினால் குரல் திரும்பாது என்று சொல்லிவிட்டார்.

பெர்மின் உடனே ஒரு யோசனை சொன்னார். "ஒலிபெருக்கி மாட்டிரலாம் புள்ள. ஒரு தடவ பதிஞ்சு வச்சா நாள் முழுக்க அதுவே கத்தும். நீ வீட்ல இரு."

"வீட்ல இருந்து யார ஏத்துறது?" என்று காசிமிராக்கா கிசுகிசுத்தார். "பூனையயா? இந்தக் கதவ விட்டா எனக்கு நிக்க எடம் ஏதுண்ணே?"

மறுநாள் கழுத்தில் கம்பளித் துண்டை இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டு கதவில் நின்றார். நிறுத்தம் வந்தது. வாயைத் திறந்தார், மூடினார், தகரத்தில் உள்ளங்கையால் தட்டினார். யாரும் திரும்பவில்லை. எங்களை ஒரு பார்வை பார்த்தார். கதவோரம் இருந்த நான் எட்டிப் பார்த்து, "செஹா, பெரெஸ்" என்று ஆரம்பித்தேன். குரல் கீச்சென்று போனது. ஆனாலும் ஒருவர் ஓடி வந்து ஏறினார். பள்ளி முடித்த பிறகு என் பேச்சைக் கேட்டு ஒருவர் செய்த முதல் காரியம் அதுதான்.

அன்றிலிருந்து கதவோரத்தில் யார் உட்கார்ந்தாலும் கத்துகிறார்கள். உருளைக்கிழங்கு விற்கிற எவாரிஸ்தா அம்மாள் ஒரு நாள் உற்சாகத்தில், "செஹா, பெரெஸ், சோப்போகாச்சி" என்று கூவ, அதை நம்பி மூன்று பேர் ஏறிவிட்டார்கள்.

"அங்க நம்ம வண்டி போகாதும்மா" என்றார் பெர்மின்.

"இன்னைக்கு ஒரு நாள் போகட்டுமேப்பா. எனக்கும் அங்கதான் எறங்கணும்."

பெர்மின் முணுமுணுத்துக்கொண்டே போனார். காசிமிராக்கா சத்தமில்லாமல் சிரித்தார். தோள் மட்டும் குலுங்கியது.

இருபத்து நாலாம் தேதி வண்டி சந்தையை எட்டவே இல்லை. இறக்கத்தில் நெரிசல், முன்னும் பின்னும் ஊரே நின்றது. தட்டேந்தி விற்பவர்கள் வண்டிகளுக்கு நடுவே நுழைந்தார்கள். எவாரிஸ்தா அம்மாள் ஜன்னல் வழியாகவே மூன்று மாடி வீடு வாங்கினார். நான் பெட்டியை எடுத்தேன், வைத்தேன், மறுபடி எடுத்தேன். விற்கிற பெண் தட்டைக் கதவருகே நீட்டினாள்.

"அக்காவுக்கு என்ன வேணும்? சேவல் எடுத்துக்குங்க. மாப்பிள்ள வந்துருவாரு."

"வேணாம்மா" என்றார் பெர்மின். "அந்தாளுக்கும் சேத்து நான் வண்டி ஓட்டணும்."

காசிமிராக்கா தட்டைக் கிளறிப் பார்த்தார். மிட்டாய் அளவில் லாரி, எரிவாயு உருளை, தையல் இயந்திரம், டயர் எல்லாம் இருந்தன. ஒவ்வொன்றாகத் தூக்கி, வைத்துவிட்டு, கடைசியில் வெறுங்கையை எடுத்துக்கொண்டார். குரலுக்கு யாரும் பொம்மை செய்யவில்லை.

கீழே நகரத்தில் மணிகள் அடிக்கத் தொடங்கின. எல்லாரும் அவரவர் பொருளை ஏந்தினோம். பூசாரி தூபக்காலை ஆட்டிக்கொண்டு வண்டி வண்டியாக வந்தார். மூன்று மாடி வீட்டுக்குப் புகை காட்டினார், என் பெட்டிக்குக் காட்டினார், பூவிதழ் தூவினார். கதவருகே வந்து காசிமிராக்காவின் கையைப் பார்த்தார். கை காலியாக இருந்தது.

காசிமிராக்கா தெருவில் இறங்கினார். கழுத்துத் துண்டை ஒரு சுற்று, இன்னொரு சுற்று என்று அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டார். மோவாயை உயர்த்தி, கண்ணை மூடி, கழுத்தைப் புகைக்கு நேரே நீட்டினார். பூசாரி ஒரு கணம் தயங்கினார். பிறகு, வீட்டுக்கும் லாரிக்கும் செய்ததைப் போலவே, அந்தக் கழுத்திலும் பூவிதழ் தூவினார்.

மார்ச் இன்னும் வரவில்லை. அந்தப் பக்கம் போகிறவர்கள் உங்களுக்குத் தெரிந்தவர்களாக இருந்தால் இதைச் சொல்லி வையுங்கள். கதவோரத்தில் இடம் கிடைத்தால் கொஞ்சம் அவர்களும் கத்தட்டும்.